மருந்துக்கடை ஆங்கிலம்: தொடக்கநிலை மாணவர்களுக்குக் கற்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், அறுபது வயதைக் கடந்த தமிழ் மாணவர்களுக்கு வார இறுதிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மதுரை, திருச்சி என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். என்னைப் போலத் தன்னார்வமாகக் கற்பிக்க வருகிறவர்களும், வீட்டிலேயே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பிள்ளைகளும் மருந்துக்கடைப் பாடத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இது மொழிப் பாடத்தைப் பற்றியது. எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை உங்கள் மருந்தாளரிடம்தான் கேட்க வேண்டும்.

ஸ்காபரோவில் தமிழ் பேசும் மருந்தாளர்கள் இருக்கிறார்களே, பிறகு எதற்கு இந்தப் பாடம்?

இருக்கிறார்கள், அவர்களிடம் போக முடிந்தவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் மருத்துவமனையிலிருந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும்போது திறந்திருக்கும் கடையில் தமிழ் பேசுகிறவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. மகன் வேலை மாறி வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் பெற்றோரும் கூடவே போகிறார்கள், அங்கே தமிழ்க் கடைகளே இல்லாமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் பேசிய தமிழ் கடையோடு நின்றுவிடுகிறது. வீட்டு அலமாரியில் இருக்கும் போத்தலின் மேல் ஒட்டியிருப்பது ஆங்கிலம்தான், அதை அதிகாலையில் தனியாக எடுத்துப் பார்ப்பவர் அந்த அம்மாவோ ஐயாவோதான்.

ஆங்கில எழுத்துகளே முழுதாகத் தெரியாதவருக்கு இதைக் கற்பிக்க முடியுமா?

முடியும். கனடாவில் மொழித்திறனை அளக்கப் பயன்படும் அளவுகோலில் பன்னிரண்டு நிலைகள் உள்ளன. அதன் முதல் நிலையில் இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படுவது சில தனிச் சொற்களும் மனப்பாடம் செய்த சிறு தொடர்களும் மட்டுமே. மருந்துக்கடையில் உயிரைக் காக்கும் வாக்கியங்கள் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. புதிதாகக் குடியேறியவர்களுக்காக மத்திய அரசு 1992இல் தொடங்கிய லிங்க் என்னும் ஆங்கில வகுப்புகளில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள் கட்டணமின்றிச் சேரலாம்; குடியுரிமை பெற்றுவிட்டவர்களுக்கு அங்கே இடமில்லை என்பதால், நீண்ட காலம் இங்கே வாழ்ந்தும் ஆங்கிலம் கற்காத பல முதியவர்கள் எங்களைப் போன்ற சிறு வகுப்புகளுக்கு வருகிறார்கள். முதலில் இலக்கணம் முடியட்டும், பிறகு மருந்துக்கடைக்குப் போகலாம் என்று அவர்களை நிறுத்திவைப்பது சரியில்லை. இலக்கணம் படித்து முடிக்கும் வரை நீரிழிவும் இரத்த அழுத்தமும் காத்திருப்பதில்லை.

முதல் வகுப்பில் எந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொடுப்பது?

பெரும்பாலான பாடப்புத்தகங்கள் "ஐ ஹேவ் எ ஹெடேக்" என்று நோயைச் சொல்வதிலிருந்து தொடங்குகின்றன. நான் அப்படித் தொடங்குவதில்லை. நம் முதியவர்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: அவர்கள் "யெஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். எதிரே வெள்ளை அங்கி அணிந்து படித்த ஒருவர் நிற்கிறார், பின்னால் வரிசையில் நான்கு பேர் நிற்கிறார்கள், மருந்தாளர் வேகமாக ஏதோ சொல்லி முடித்து "ஓகே?" என்கிறார். மரியாதையின் பொருட்டும் கூச்சத்தின் பொருட்டும் தலை தானாக அசைகிறது, வாய் "யெஸ், யெஸ், தேங்க்யூ" என்கிறது. புரிந்துகொண்டார் என்று மருந்தாளர் நம்புகிறார், அவர் மேல் குறை சொல்ல முடியாது. நம் தலையாட்டலோ ஆம் என்பதையும், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதையும் ஒரே அசைவில் சொல்வது.

ஆகவே முதல் வகுப்பு முழுவதும் பேச்சை நிறுத்தும் வாக்கியங்களுக்கே. "ஸ்லோலி, ப்ளீஸ்." "ஒன்ஸ் மோர், ப்ளீஸ்." "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்." "ப்ளீஸ் ரைட் இட்." இந்த நான்கையும் உட்கார்ந்தபடி ஒப்பிக்கச் சொன்னால் எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள், கடையில் ஒன்றும் வாயில் வராது. எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் மருந்தாளராக நின்று வேண்டுமென்றே வேகமாகப் பேசுங்கள். மாணவர் கையை உயர்த்தி உங்களை இடைமறிக்க வேண்டும். பேசுகிறவரைப் பாதியில் நிறுத்துவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கையை உயர்த்துவதே கடினமான பயிற்சி. என் மாணவி ஒருவர், ஊரில் முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மூன்று வாரங்கள் வரை கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். "கேட்பது அவமானம் இல்லை அம்மா, நீங்கள் கேட்டால் அவருக்கும் நிம்மதி" என்று பல முறை சொன்ன பிறகுதான் கை மேலே வந்தது.

இவற்றுக்கு அடுத்ததாக ஐந்தாவது வாக்கியம்: "லெட் மீ ரிப்பீட்." கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டுவது. "மார்னிங் ஒன், நைட் ஒன், ஆஃப்டர் ஃபுட். கரெக்ட்?" என்று சொன்னால் போதும். இதில் வினைச்சொல்லே இல்லை, இலக்கணப்படி வாக்கியமே இல்லை. எண்ணும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்பதை மட்டும் பாருங்கள், வேறெதையும் திருத்தாதீர்கள்.

போத்தலில் ஒட்டியிருக்கும் மருந்துச் சீட்டை வாசிக்கக் கற்பிக்கும் நல்ல முறை எது?

வாசித்தல் வேறு, செய்தல் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டு மாத்திரைகளை நாளுக்கு இரண்டு முறை வாய்வழி எடுக்கவும் என்ற சீட்டைக் கொடுத்தார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களில் 70.7 விழுக்காட்டினர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு நாளுக்கு மொத்தம் எத்தனை மாத்திரை என்று எடுத்துக் காட்டியவர்கள் 34.7 விழுக்காட்டினர் மட்டுமே. இத்தனைக்கும் அவர்கள் ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர் சீட்டை உரக்க வாசித்துவிட்டார் என்பதற்காக நாம் நிம்மதி அடைய முடியாது.

எங்கள் வகுப்பில் முட்டை அட்டை ஒன்றை வெட்டி நான்கு குழிகளாக வைத்துக்கொள்கிறோம். முதல் குழியில் உதிக்கும் சூரியன், இரண்டாவதில் சோற்றுத் தட்டு, மூன்றாவதில் விளக்கு, நான்காவதில் பாய். மாத்திரைகளுக்குப் பதிலாகக் காய்ந்த கடலை. "டேக் டூ டாப்லெட்ஸ் ட்வைஸ் எ டே" என்று நான் சொன்னால், மாணவர் கடலைகளை எடுத்துக் குழிகளில் போட வேண்டும். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், மாத்திரையைக் குளிசை என்று சொன்னால்தான் அவருக்கு மனம் ஒட்டும், இரண்டு கடலைகளை எடுத்துக் காலைக் குழியில் ஒன்றும் இரவுக் குழியில் ஒன்றுமாகப் போட்டார். "டூ" என்பதும் அவருக்குத் தெரியும், "ட்வைஸ்" என்பதும் தெரியும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது. நான்கு கடலைகள் வேண்டும் என்று அவராகக் கண்டுபிடித்தபோது, அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீட்டில் தனியாகக் கவனிக்க வேண்டிய தொடர்கள் சில உண்டு. "அஸ் நீடெட்" என்பதை நம்மவர்கள் அடிக்கடி தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "நீட்" என்றால் தேவை, ஆகவே கட்டாயம் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். வலியோ தொல்லையோ இருந்தால் மட்டும் என்று அதற்குப் பொருள். "எம்ப்டி ஸ்டமக்" என்பது இன்னும் நுட்பமானது. வெறும் வயிறு என்று மொழிபெயர்த்தால் சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் தமிழில் வெறும் வயிறு என்றதும் விடியற்காலை, பல் துலக்கியவுடன் என்றே மனத்தில் படுகிறது. நாளுக்கு இரண்டு முறை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய மருந்தின் மாலை வேளை இப்படித்தான் விட்டுப்போகிறது. பொதுவாக உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ என்பதே அதன் கருத்து என்று கடிகாரத்தை வைத்துக் காட்டுங்கள். "ரீஃபில்" அல்லது "ரிப்பீட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண், இன்னும் எத்தனை முறை அதே மருந்தைப் பெறலாம் என்பதைக் காட்டுவது. உட்கொள்ளும் எண்ணிக்கையோடு அதற்குத் தொடர்பில்லை.

எண்களில் எங்கே தவறு நேர்கிறது?

தமிழில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு முற்றிலும் வேறுபட்டவை. ஆங்கிலத்தில் "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் கடைசி அசையில்தான் பிரிகின்றன, தொலைபேசியிலோ முகக்கவசத்துக்குப் பின்னாலோ அது கேட்பதில்லை. காதைப் பழக்குவதற்கு மாதக்கணக்கு ஆகலாம். அதுவரை ஒரு குறுக்குவழி: "ஒன் ஃபைவ்? ஃபைவ் ஸீரோ?" என்று இலக்கங்களைத் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். 2.5க்கும் 25க்கும் இடையிலான புள்ளியையும் இதே போல "பாயிண்ட்" என்று வாயால் சொல்லிப் பழக்குங்கள்.

காய்ச்சலின் அளவு இன்னொரு குழப்பம். ஊரில் நூற்றியொன்று என்று சொல்லிப் பழகியவர் இங்கே "ஃபீவர் ஹண்ட்ரட் ஒன்" என்றால், செல்சியஸில் எண்ணிப் பழகிய இளம் மருந்தாளர் விழிக்கிறார். 101 பாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 38.3 செல்சியஸ். வீட்டில் இருக்கும் வெப்பமானி எதைக் காட்டுகிறது என்பதைப் பார்த்து, அதையே எழுதிக்கொண்டு போகச் சொல்வது எளிது.

உடலில் என்ன செய்கிறது என்பதை எப்படிச் சொல்லக் கற்பிப்பது?

இந்தப் பாடத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே தமிழின் நுட்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சொற்பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், மாணவர் தமிழில் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். மயக்கமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது தலைசுற்றலா, நினைவு தப்பி விழுந்தாரா, மருந்தினால் தூக்கம் சொக்குகிறதா என்று தமிழிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே "டிஸி", "ஃபெயின்டட்", "ஸ்லீப்பி" என்ற மூன்று சொற்களில் ஒன்றைக் கொடுக்க முடியும். மருந்தாளருக்கு இந்த மூன்றும் மூன்று வேறு செய்திகள்.

நெஞ்செரிச்சலைச் சொல் சொல்லாக மாற்றி "ஹார்ட் பர்னிங்" என்பவர்கள் உண்டு; "ஹார்ட்பர்ன்" என்பது உணவுக்குப் பின் எழும் எரிச்சல், "செஸ்ட் பெயின்" என்பது நெஞ்சு வலி. இந்த இரண்டையும் ஒரு வகுப்பு முழுவதும் பிரித்துக் காட்டலாம், தகும். நெஞ்சு வலி என்றால் மருந்துக்கடைக்குப் போகும் வேளை அல்ல, அவசர உதவிக்கான 911ஐ அழைக்கும் வேளை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஈழத்தவர் தடிமன் என்பதும் தமிழ்நாட்டவர் சளி பிடித்திருக்கிறது என்பதும் "ஐ ஹேவ் எ கோல்ட்." அதையே "ஐ ஆம் கோல்ட்" என்றால் குளிர்கிறது என்று பொருளாகி, கம்பளி தேடச் சொல்லிவிடுவார்கள். தொண்டையிலிருந்து வரும் சளிக்கு "ஃப்ளெம்" என்று வேறு சொல் உண்டு.

ஊரில் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசிய சில சொற்கள் இங்கே விளங்குவதில்லை என்பதையும் பொறுமையாகச் சொல்ல வேண்டும். "லூஸ் மோஷன்" என்றால் கனேடிய மருந்தாளர் பலருக்குப் புரியாது, "டயரியா" என்றால் புரியும். "ஐ ஹேவ் சுகர்", "ஐ ஹேவ் பிரஷர்" என்பவற்றை "டயாபெட்டிஸ்" என்றும் "ஹை பிளட் பிரஷர்" என்றும் மாற்றிக் கொடுங்கள். உடம்பு சூடாகிவிட்டது என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் நேர்ச் சொல் கிடையாது. அந்தச் சூட்டினால் கண்ணெரிகிறதா, வாய்ப்புண்ணா, நீர்க்கடுப்பா என்று கேட்டு, அதைச் சொல்லப் பழக்குங்கள். எதுவும் வாயில் வராதபோது கையை அந்த இடத்தில் வைத்து "ஹியர். டூ டேஸ்" என்று சொன்னாலும் பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

மருந்துகளின் பெயர்களையும் கற்பிக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். ஒன்றைக் கட்டாயம் கற்பியுங்கள்: ஊரில் பரசிட்டமோல் என்று அறிந்த மருந்துக்கு இங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். இலங்கையில் பனடோல், இந்தியாவில் குரோசின் அல்லது டோலோ, கனடாவில் டைலனோல், எல்லாம் அடிப்படையில் ஒன்றே. இதை அறியாமல் நடப்பது என்னவென்றால், ஊரிலிருந்து பெட்டியில் வந்த பனடோலையும் இங்கே வாங்கிய டைலனோலையும் இரண்டு வெவ்வேறு மருந்துகள் என்று எண்ணி ஒன்றாக எடுக்கிறார்கள், போதாததற்குத் தடிமனுக்கு வாங்கிய கலவை மருந்திலும் அதே பொருள் இருக்கிறது. அளவு மீறினால் பாதிக்கப்படுவது ஈரல். என் தாயாரே மூன்று நாள்கள் இப்படி எடுத்திருந்ததை, குப்பைக் கூடையில் கிடந்த பெட்டிகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

எனவே அசிட்டமினோஃபென் என்ற அந்த நீண்ட சொல்லை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, வெறும் படமாகவேனும் கண்ணில் பதியச் செய்யுங்கள். மூன்று பெட்டிகளை மேசையில் வைத்து, அந்தப் படம் எந்தெந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் கண்டுபிடித்துவிடுவார். கூடவே ஒரு வாக்கியம்: "ஸேம் மெடிசின்?"

மருந்தாளர் கேட்கும் கேள்விகளுக்கு எப்படித் தயார்செய்வது?

அவர் கேட்பது அதிகம் இல்லை: பிறந்த தேதி, ஒவ்வாமை, வேறு மருந்துகள், முன்பு இந்த மருந்தை எடுத்ததுண்டா என்பன. இவற்றில் "எனி அதர் மெடிகேஷன்ஸ்?" என்ற கேள்விக்குத்தான் பதில் பெரும்பாலும் தவறாக வருகிறது. நம்மவர்களுக்கு மருந்து என்றால் வைத்தியர் எழுதிக் கொடுத்தது. காலையில் குடிக்கும் கஷாயம், ஊரிலிருந்து தருவித்த லேகியம், தூளாக்கி வைத்திருக்கும் மூலிகை எதுவும் அவர்கள் கணக்கில் மருந்தே அல்ல, ஆகவே "நோ" என்று மனமறிந்து உண்மையாகவே சொல்கிறார்கள். "ஹெர்பல்" என்ற சொல்லை இங்கே கற்பியுங்கள். அதைவிட உறுதியான வழி, வீட்டிலுள்ள போத்தல்கள் அனைத்தையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு போய் மேசையில் வைத்து "ஐ டேக் தீஸ்" என்பது. "எனி அலர்ஜீஸ்?" என்பதற்கும் யோசிக்காமல் "நோ" வருவதைத் தடுக்க, எப்போதாவது ஒரு மருந்தால் உடம்பெல்லாம் தடித்ததா, முகம் வீங்கியதா என்று வகுப்பில் தமிழில் கேட்டு, அந்த மருந்தின் பெயரை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் செய்யுங்கள்.

வைத்தியரிடம் போகாமல் மருந்தாளரிடமே என்னென்ன கேட்கலாம்?

ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் 2023 ஜனவரி 1 முதல் பதின்மூன்று சிறு உபாதைகளுக்கு மருந்தாளரே மருந்து எழுதிக் கொடுக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் மேலும் ஆறு சேர்க்கப்பட்டன. கண் சிவத்தல், பூச்சிக்கடி, மூலம், சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று போன்றவை பட்டியலில் உள்ளன. சுகாதார அட்டையைக் கையில் கொண்டு போக வேண்டும். பலருக்கு இது தெரியாததால் பாடத்தில் சேர்க்கிறேன், கூடவே ஒரு வாக்கியத்தையும் சேர்க்கிறேன்: "கேன் வீ டாக் இன் பிரைவேட், ப்ளீஸ்?" மூலத்தைப் பற்றியோ நீர்க்கடுப்பைப் பற்றியோ வரிசையில் நிற்பவர்கள் காதுபடப் பேச வேண்டுமே என்ற கூச்சத்தில் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்ட பெண்களை அறிவேன். தனியாகப் பேசக் கேட்கலாம் என்ற செய்தியே அவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போனால் போதாதா?

எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு மலச்சிக்கல் என்ற தமிழ்ச் சொல்லும் தெரியாது, அதற்கான ஆங்கிலமும் தெரியாது. அம்மம்மாவும் பிள்ளைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்வதில்லை. பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும், முதலில் பெரியவர் பேசட்டும். அவருக்குத் துணை தேவைப்பட்டால் வளர்ந்த பிள்ளைகள் போகலாம், மருத்துவ ஆலோசனைக்கு 811 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். "தமிழ், ப்ளீஸ்" என்று சொல்லப் பழகினால் போதும்.

திரவ மருந்து, தொலைபேசி ஆகியவற்றுக்குத் தனிப் பாடம் வேண்டுமா?

திரவ மருந்துக்குச் சமையலறைக் கரண்டி ஆகாது, மருந்தோடு வரும் அளவுக் குவளையையோ ஊசியில்லாத குழாயையோ பயன்படுத்த வேண்டும் என்று தண்ணீரை ஊற்றிக் காட்டினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தொலைபேசியைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். முகமும் கையும் தெரியாமல் பேசுவது தொடக்கநிலையினருக்கு மிகக் கடினம்.

பாடம் மனத்தில் நின்றதா என்று எப்படி அறிவது?

இரண்டு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், அவரவர் போத்தலைக் கொண்டுவந்து கடலையால் செய்து காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கடைக்கே அழைத்துப் போங்கள். கூட்டமில்லாத வேளை எது என்று முன்கூட்டியே மருந்தாளரிடம் கேட்டு, வந்த காரணத்தையும் சொல்லிவைத்தால் மகிழ்ச்சியோடு நேரம் ஒதுக்குவார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம், நின்றால் மாணவர் உங்களைத்தான் பார்ப்பார். சென்ற மாதம் நான் வாழ்த்து அட்டைகள் அடுக்கியிருந்த தட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அந்த முன்னாள் ஆசிரியை மேசைக்கு முன் தனியாக நின்றார். மருந்தாளர் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கியபோது அவருடைய வலக்கை மெல்ல மேலே எழுந்தது. "ஸ்லோலி, ப்ளீஸ்" என்றார். மருந்தாளர் பேனாவை எடுத்துப் பையின் மேல் ஒரு சூரியனையும் ஒரு நிலவையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்.